டிஸ்க்2விஎச்டி: மிரர் போட்ட பழைய சேர்வரை வேர்ச்சுவலாக்க இது போதுமா?

திருகோணமலையில் ஒரு கணக்காளர் கந்தோர், ஒரு கிளியரிங் ஏஜென்சி, உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல் என்று எங்கே போய்ப் பழைய சேர்வரைத் திறந்தாலும் பெரும்பாலும் ஒரே அமைப்புத்தான். ஒரு டவர் பெட்டி, உள்ளே இரண்டு சாட்டா டிஸ்க், விண்டோஸ் சேர்வர் 2008 ஆர்2 அல்லது 2012 ஆர்2. டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் றெயிட் கார்டுக்குக் காசு போடாமல், விண்டோஸைக் கொண்டே இரண்டு டிஸ்க்கையும் மிரராக்கி, அதாவது இரண்டிலும் ஒரே தரவு எழுதப்படும்படி, வைத்திருப்பார்கள். 2008 ஆர்2-க்கான நீட்டித்த ஆதரவு 2020 ஜனவரியிலும் 2012 ஆர்2-க்கானது 2023 ஒக்டோபரிலும் முடிந்துவிட்டன. ஆனால் உள்ளே ஓடும் கணக்கு மென்பொருளைப் புதிய விண்டோஸில் ஏற்ற முடியாது. ஆகவே பெட்டியை அப்படியே ஒரு வேர்ச்சுவல் மெஷினாக (விஎம், மென்பொருளுக்குள் ஓடும் கணினி) மாற்றி, புதிய இயந்திரத்தில் (ஹோஸ்ட்) விண்டோஸின் ஹைப்பர்-வியின் கீழ் ஓடவிடுவதுதான் வழி.

இதற்கு எல்லாரும் முதலில் கை வைப்பது டிஸ்க்2விஎச்டி. மைக்ரோசொப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் வரும் சின்னக் கருவி. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் கொக்ஸ்வெல்லும் எழுதியது. இலவசம், நிறுவத் தேவையில்லை, பென்டிரைவில் இருந்தே ஓடும். சேர்வரை நிறுத்தாமலே வொல்யூம் ஷடோ கொப்பி மூலம் ஒரு கணத்து நிலையைப் பிடித்து, அதை விஎச்டி அல்லது விஎச்டிஎக்ஸ் என்ற வேர்ச்சுவல் டிஸ்க் கோப்பாக எழுதும். பேசிக் டிஸ்க்கில், அதாவது விண்டோஸ் மிரர் போடாத சாதாரண டிஸ்க்கில், இருக்கிற சேர்வருக்கு இதைவிட லேசான வழி கிடையாது. மிரர் உள்ள சேர்வர் என்றால் கதை வேறு. மிரரை முதலில் கழற்றிவிட்டால் ஒழுங்காக வேலை செய்யும். கழற்றாமல் ஓட்டினால் ஒரு எச்சரிக்கையும் தராமல் வேலையை முடித்துவிடும், தலையிடி பிறகுதான் தொடங்கும்.

காரணம் இதுதான். தெரிவு செய்த வொல்யூம் (சி, டி போன்ற டிரைவ்) எத்தனை டிஸ்க்கில் இருக்கிறதோ அத்தனை கோப்பை இந்தக் கருவி உருவாக்கும். மிரரான சி டிரைவ் இரண்டு டிஸ்க்கில் இருப்பதால் இரண்டு கோப்பு வரும், இடமும் நேரமும் இரட்டிப்பாகும். அவற்றில் ஒன்றை மட்டும் விஎம்மில் மாட்டினால் மற்றதைக் காணவில்லை என்று விண்டோஸ் முறையிடும். இரண்டையும் மாட்டினால் எழுதும் ஒவ்வொரு தரவும் ஒரே ஹோஸ்ட் டிஸ்க்கில் இரு தடவை எழுதப்படும். பாதுகாப்பு ஒன்றும் கூடாது, வேகம்தான் குறையும். வேர்ச்சுவல் மெஷினுக்குள் மிரருக்கு வேலையே இல்லை. டிஸ்க் பாதுகாப்பு ஹோஸ்ட்டின் பொறுப்பு.

தொடங்குமுன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க் மனேஜ்மென்டைத் திறந்தால் இரண்டு டிஸ்க்கும் தனித்தனியாகத் தெரிந்து, அவற்றில் டைனமிக் (மிரர் போட விண்டோஸ் டிஸ்க்கை மாற்றும் வகை) என்று எழுதியிருந்தால்தான் அது விண்டோஸ் மிரர். ஒரே ஒரு டிஸ்க் தெரிந்தால் மிரரைச் செய்வது மதர்போர்ட் சிப் அல்லது றெயிட் கார்ட். விண்டோஸுக்கு அது சாதாரண டிஸ்க்தான். அங்கே எதையும் உடைக்கத் தேவையில்லை, நேரே கருவியை ஓட்டலாம்.

அடுத்தது டிஸ்க்குகளின் உடல்நிலை. மிரரில் இருக்கிற இரண்டு டிஸ்க்கும் பெரும்பாலும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே அளவு ஓடியவை, அதனால் ஒன்று தளர்ந்தால் மற்றதையும் நம்ப முடியாது. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அளவுகளில் 5, 197, 199 ஆகிய மூன்றையும் பாருங்கள். 5 மாற்றி ஒதுக்கிய செக்டர்கள், 197 ஒதுக்கலுக்குக் காத்திருக்கிறவை. இவை பூச்சியமாக இல்லாத டிஸ்க்கை மூலமாக வைக்க வேண்டாம். 199 (தரவு போகும் வழியில் வரும் பிழைகள்) மட்டும் ஏறியிருந்தால் சந்தேகப்பட வேண்டியது டிஸ்க்கை அல்ல, கேபிளை. கடற்கரையோரக் கட்டடங்களில் சாட்டா இணைப்பின் தகடு உப்புக்காற்றில் மங்கிப்போவது சாதாரணம். கேபிளை மாற்றினாலே பாதிப் பிரச்சினை போய்விடும். ஈவென்ட் லொக்கில் டிஸ்க் என்ற பெயரில் 7 என்ற எண் வந்திருந்தால் பழுதான செக்டர், 11 என்றால் கொன்ட்ரோலர் அல்லது கேபிள்.

மிரரின் நிலையையும் வடிவாகப் பாருங்கள். ஹெல்தி என்று இருந்தால் சரி. றீசிங்கிங் என்றால் முடியும்வரை கை வைக்கக் கூடாது. ஃபெயில்ட் றிடன்டன்சி என்றால் ஒரு டிஸ்க் எப்போதோ விலகிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் எந்த டிஸ்க்கில் இன்றைய தரவு இருக்கிறது என்று உறுதிசெய்யாமல் மிரரைக் கழற்றினால், பல மாதத்துக்கு முந்திய கணக்கு மிஞ்சி இன்றைய கணக்கு அழிந்துபோகலாம்.

இனி மிரரைக் கழற்றுவது. வலது கிளிக்கில் இரண்டு தெரிவு வரும். பிரேக் மிரர்ட் வொல்யூம் இரண்டு பாதியையும் இரண்டு தனி வொல்யூமாக வைத்திருக்கும். ஒன்று சி என்ற எழுத்தைத் தக்கவைக்க, மற்றது வேறு எழுத்தோடு நிற்கும். றிமூவ் மிரர் ஒரு பாதியை அழித்து அந்த இடத்தை வெற்றிடமாக்கும். டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவியிலும் பிரேக் கட்டளை உண்டு, நோகீப் என்று சேர்த்தால் ஒரு பாதி அழியும். ஆனால் கட்டளையில் கொடுக்கும் டிஸ்க் எண் வைத்திருப்பதற்கா அழிப்பதற்கா என்று அனுபவசாலிகளே குழம்புவதுண்டு. அழிக்கிற வேலையைக் கட்டளை வரியில் செய்து வீரம் காட்டத் தேவையில்லை. டிஸ்க் மனேஜ்மென்ட் ஜன்னல் எந்த டிஸ்க்கில் இருந்து நீக்கட்டும் என்று பெயர் சொல்லியே கேட்கும்.

நாங்கள் சிபாரிசு செய்கிற முறை இவை இரண்டுக்கும் சற்று வேறு. சேர்வரை ஷட்டவுன் செய்து, மின்வயரைக் கழற்றி, இரண்டில் ஒரு டிஸ்க்கை வெளியே எடுத்துவிடுங்கள். தேதியும் டிஸ்க் எண்ணும் எழுதிய ஸ்டிக்கரை அதில் ஒட்டுங்கள். பிறகு மற்ற டிஸ்க்கோடு மட்டும் சேர்வரை ஏற்றுங்கள். ஏறினால் இரண்டு விஷயம் கைக்கு வந்துவிட்டது: தனியாக பூட் ஆகக்கூடிய டிஸ்க் இதுதான் என்ற உறுதி, வெளியே ஒரு முழுமையான பிரதி. ஏறாவிட்டால் மாற்றி மாட்டிப் பாருங்கள். பயோஸில் பூட் வரிசையையும் பாருங்கள். கொழும்பில் இருந்து டிஸ்க் வரும்வரை கந்தோரை மூடிவைக்க யாரும் விரும்பமாட்டார்கள், அதனால் இந்த வெளிப்பிரதி கட்டாயம் வேண்டும்.

ஏறிய பிறகு டிஸ்க் மனேஜ்மென்டில் எடுத்த டிஸ்க் மிஸ்ஸிங் என்று காட்டும். சி வொல்யூமில் வலது கிளிக் செய்து றிமூவ் மிரர் கொடுத்து, பட்டியலில் மிஸ்ஸிங்கைத் தெரிவு செய்யுங்கள். சிஸ்டம் றிசர்வ்ட் என்ற சின்ன வொல்யூமுக்கும் அதையே செய்ய வேண்டும். 2008 ஆர்2-இல் அது 100 எம்பி, 2012 ஆர்2-இல் 350 எம்பி. சிறிது என்பதால் பலர் மறந்துவிடுகிறார்கள். டி டிரைவும் மிரராக இருந்தால் அதுவும். எல்லாம் முடிந்ததும் மிஸ்ஸிங் டிஸ்க்கில் வலது கிளிக், றிமூவ் டிஸ்க். வெளியே எடுத்த டிஸ்க்கை இதன் பிறகு அந்தச் சேர்வரில் மாட்டக் கூடாது. பயோஸ் அதிலிருந்து ஏற்றிவிட்டால் பழைய தரவிலேயே ஆட்கள் பில் அடிக்கத் தொடங்கிவிடுவார்கள், எது உண்மை என்று பிறகு பிரிக்க முடியாது.

பூட் மெனுவில் செக்கண்டரி பிளெக்ஸ் என்று ஒரு வரி மிஞ்சியிருக்கும். மிரர் போட்டபோது விண்டோஸே சேர்த்தது அது. பூட் மெனுவைத் திருத்தும் பிசிடிஎடிட் கட்டளையில் அதன் நீண்ட அடையாள எண்ணைப் பார்த்து அழியுங்கள். விட்டுவைத்தாலும் ஆபத்தில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் மெனு 30 வினாடி நிற்கும், நள்ளிரவில் யாராவது தவறான வரியை அழுத்துவார்கள்.

விண்டோஸ் புதிய இடத்தில் கண்விழிக்கும்போது டிஸ்க் டிரைவர் தயாராக இல்லையென்றால் நீலத்திரையில் 0எக்ஸ்0000007பி என்று வரும். இந்தக் கருவி அதைச் சரிசெய்து தராது. விஎம்வேர் கொன்வேர்ட்டர் என்ற மாற்றுக் கருவி இலக்குக்கேற்ற டிரைவரைத் தானே மாற்றித் தரும், இங்கே அதை நாமே செய்ய வேண்டும். 2008 ஆர்2-இல் கொப்பி எடுக்குமுன் றெஜிஸ்ட்ரியில் சிஸ்டம், கரன்ட்கொன்ட்ரோல்செட், சேர்விசஸ் என்று போய், இன்டெல்ஐடிஇ, ஏடிஏபிஐ ஆகிய இரண்டிலும் ஸ்டார்ட் என்ற மதிப்பை 0 ஆக்குங்கள். சர்வர் கம்பனியின் கண்காணிப்பு மென்பொருட்களையும் அன்இன்ஸ்டோல் செய்துவிடுங்கள். விஎம்மில் அவற்றுக்குப் பார்க்க ஒன்றுமில்லை, சில சேவைகள் தொடங்க முடியாமல் ஏறும் நேரத்தை இழுத்தடிக்கும்.

கருவியைத் திறந்ததும் வொல்யூம் பட்டியல் வரும். யூஸ் விஎச்டிஎக்ஸ், யூஸ் வொல்யூம் ஷடோ கொப்பி ஆகிய இரண்டும் டிக் ஆகியிருக்கட்டும். விஎச்டியின் எல்லை ஏறக்குறைய 2 டிபி, விஎச்டிஎக்ஸ் 64 டிபிவரை போகும். எழுத்து இல்லாமல் நீண்ட அடையாள எண்ணோடு நிற்கும் வரிதான் சிஸ்டம் றிசர்வ்ட். அதற்கும் டிக் போடாவிட்டால் விஎம் ஏறாது. இந்தக் கருவியின் இடைமுகத்தில் எங்களுக்குப் பிடிக்காத இடம் இதுதான். அந்த வரி இல்லாமல் பூட் ஆகாது என்று ஒரு சொல்கூடச் சொல்லாது. பிட்லொக்கர் குறியாக்கம் போட்ட வொல்யூமையும் கையாளாது.

சேமிக்கும் இடம் வேறொரு டிஸ்க்காக இருக்கட்டும். கொப்பி எடுக்கும் வொல்யூமுக்கே எழுதவும் அனுமதிக்கும், ஆனால் ஒரே தலை படிக்கவும் எழுதவும் அலைய, நேரம் பல மடங்காகும். வெளி டிஸ்க் என்றால் என்டிஎஃப்எஸ் ஆக இருக்க வேண்டும். ஃபாட்32-இல் 4 ஜிபிக்கு மேல் கோப்பு எழுத முடியாது, பாதியில் நிற்கும். பழைய சேர்வர்களில் யூஎஸ்பி 2.0 மட்டும் இருந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.8 ஜிபிதான் போகும். 500 ஜிபி தரவுக்கு நாலரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். கிகாபிட் நெட்வேர்க்கில் இன்னொரு இயந்திரத்தின் பகிர்ந்த கோப்புறைக்கு எழுதினால், டிஸ்க் ஈடுகொடுத்தால், அதே வேலை ஒன்றரை மணித்தியாலத்தில் முடியும். சுவிட்ச் 100 எம்பிபிஎஸ் பழையது என்றால் யூஎஸ்பி 2.0-வே மேல்.

ஷடோ கொப்பி பிடித்த கணத்துக்குப் பிறகு எழுதப்பட்டது எதுவும் கோப்பில் வராது. ஆகவே ஆட்கள் வேலையில் இருக்கும்போது எடுத்த பிரதியைப் பரிசோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான மாற்றத்துக்கு எஸ்க்யூஎல் தரவுத்தளச் சேவைகளை நிறுத்தி, பகிர்ந்த கோப்புறைகளை மூடி, பிறகு எடுங்கள். பல மணித்தியாலம் தொடர்ந்து படிக்கும் வேலை என்பதால் காலத்தையும் யோசிக்க வேண்டும். மாரியில் இடியும் மின்தடையும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ஏசி இல்லாத அறையில் பழைய டிஸ்க் கொதிக்கும், போதாததற்கு ஹோட்டல்களுக்கு அதுதான் சீசன். பெப்ரவரி, மார்ச்தான் வசதி. யூபிஎஸ் பத்து நிமிடம் தாங்கினால் போதாது; ஜெனரேட்டர் இருக்கிற கந்தோரில் அதில் இரவோடிரவாகச் செய்வது உத்தமம்.

கோப்பு வந்ததும் அதை எடுத்த அதே சேர்வரிலேயே அட்டாச் செய்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைவரும். வேண்டாம். மூல டிஸ்க்கின் கையொப்ப எண்ணும் பிரதியின் எண்ணும் ஒன்று. இரண்டும் மோதும்போது விண்டோஸ் பிரதிக்குப் புதிய எண் கொடுத்துவிடும். பூட் பதிவு பழைய எண்ணைத் தேடும், விஎம் ஏறாது. கருவியின் சொந்த ஆவணத்திலேயே இந்த எச்சரிக்கை உண்டு, ஆனால் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

ஹைப்பர்-வியில் ஜெனரேஷன் 1 (பழைய பயோஸ் முறை) மெஷின் உருவாக்கி, கோப்பை ஐடிஇ கொன்ட்ரோலர் 0-இல் மாட்டுங்கள். 2008 ஆர்2 ஜெனரேஷன் 2-இல் ஓடாது. பயோஸ் முறையில் நிறுவிய 2012 ஆர்2-உம் அப்படியே அங்கே ஏறாது. முதல் தடவை நெட்வேர்க் கார்டைத் துண்டித்தே ஏற்றுங்கள், பழைய சேர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டுக்கும் ஒரே பெயரும் ஐபியும் இருக்கும். பழைய நெட்வேர்க் கார்ட் மறைந்த சாதனமாக உள்ளே இருந்து ஐபியைப் பிடித்து வைத்திருக்கும். டெவ்எம்ஜிஆர் ஷோ நொன்பிரசென்ட் டிவைசஸ் என்ற மாறியை 1 ஆக்கி, டிவைஸ் மனேஜரில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லி அதை அழித்த பிறகே புதிய கார்டுக்கு அந்த ஐபியைக் கொடுங்கள்.

மிரர் போனாலும் டிஸ்க் டைனமிக்காகவே இருக்கும் என்பதுதான் பெரிய குறை. ஓடும், பார்க்க வித்தியாசமும் தெரியாது. ஆனால் உள்ளே டைனமிக் டிஸ்க் இருக்கிற பழைய விண்டோஸ் விஎம்மை ஹோஸ்ட் பக்கமிருந்து ஓடும்போதே பெக்கப் எடுக்க முடியாது; ஒவ்வொரு பெக்கப்புக்கும் அதைச் சேவ்ட் ஸ்டேட்டுக்குள் (இடையில் நிறுத்திவைத்த நிலை) தள்ளும், அந்த நேரம் பயனாளர்களுக்கு இணைப்பு அறும். மைக்ரோசொப்டும் பூட் மிரர் தவிர்ந்த பயன்பாடுகளுக்கு டைனமிக் டிஸ்க்கைக் கைவிடச் சொல்லிவிட்டது. டைனமிக்கை பேசிக் ஆக்க விண்டோஸ் தரும் ஒரே வழி எல்லா வொல்யூமையும் அழிப்பது.

இதற்கு விஎம் பக்கத்தில் ஒரு சுற்றுவழி உண்டு. அதே அளவில் புதிய வெற்று விஎச்டிஎக்ஸையும், இடைக்காலத்துக்கு இன்னொன்றையும் மாட்டி, விண்டோஸ் சேர்வர் 2019 நிறுவல் ஐஎஸ்ஓவில் ஏற்றி, றிப்பேர் வழியாகக் கட்டளை வரிக்குப் போங்கள். டிஸ்க்பார்ட்டில் லிஸ்ட் வொல்யூம் கொடுத்துப் பழைய சி தெரிகிறதா என்று பாருங்கள். ஃபொரின் என்று நின்றால் இம்போர்ட் செய்யுங்கள். புதிய டிஸ்க்கில் 350 எம்பி பார்ட்டிஷன் ஒன்றை அக்டிவ் ஆக்கி, மிச்சத்தை இரண்டாவதாக்கி, இரண்டையும் என்டிஎஃப்எஸ் போர்மட் செய்யுங்கள். டிஸ்ம் கப்சர் இமேஜ் மூலம் பழைய சியை இடைக்கால டிஸ்க்கில் ஒரு விம் என்ற பிம்பக் கோப்பாக எடுத்து, அப்ளை இமேஜ் மூலம் புதியதில் விரித்து, பூட் கோப்புகளை எழுதும் பிசிடிபூட்டை பயோஸ் முறையில் ஓட்டுங்கள். புதிய விண்டோஸின் சிஸ்டம் ஹைவை றெஜ்எடிட்டில் ஏற்றி மவுன்டட் டிவைசஸ் என்பதன் கீழுள்ள மதிப்புகளையும் அழிக்க வேண்டும். அதை விட்டால் சி என்ற எழுத்து பழைய வொல்யூமுக்கே ஒதுங்கி நின்று, லொகின் செய்தபின் வெறும் திரையோடு விண்டோஸ் தடுமாறும். இது சி டிரைவுக்கு. டியில் வெறும் கோப்புகள் மட்டும் என்றால் றோபோகொப்பி போதும்.

இந்தச் சுற்று வேண்டாம் என்றால் விஎம்வேர் கொன்வேர்ட்டரைப் பாருங்கள். வொல்யூம் மட்டத்தில் கொப்பி எடுக்கும்போது, மூலம் எந்த வகையாக இருந்தாலும் இலக்கில் எல்லாம் பேசிக் வொல்யூமாகவே வரும். டிஸ்க்2விஎச்டியால் முடியாத வேலை அது. ஆனால் கனமான மென்பொருள், நிறுவ வேண்டும், விஎம்வேர் வடிவில்தான் தரும். ஹைப்பர்-விக்குக் கொண்டுபோகக் கியூஈஎம்யூ-இமேஜ் அல்லது ஸ்டார்விண்ட் வி2வி மூலம் இன்னொரு தடவை மாற்ற வேண்டும். உங்கள் விண்டோஸ் பதிப்பைக் கொன்வேர்ட்டரின் எந்த வெளியீடு ஏற்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரே ஒரு சேர்வர், உள்ளே கணக்கு மென்பொருள் மட்டும் என்றால் டிஸ்க்2விஎச்டியே போதும். தினமும் பெக்கப் எடுக்கவேண்டிய, நீண்டகாலம் ஓடப்போகிற விஎம் என்றால் கொன்வேர்ட்டரின் கஷ்டம் தகும்.

லினக்ஸ் சேர்வருக்கு டிஸ்க்2விஎச்டி உதவாது. அங்கே எம்டி என்ற லினக்ஸின் சொந்த மிரரின் மெட்டாடேட்டா பதிப்பைப் பாருங்கள்: 0.90, 1.0 என்றால் பதிவு பார்ட்டிஷனின் கடைசியில் இருக்கும், உறுப்பு டிஸ்க்கை நேரடியாக மவுன்ட் செய்யலாம். 1.2 என்றால் பதிவு தொடக்கத்தில் இருந்து 4 கேபியில், தரவு அதற்கும் அப்பால் தள்ளித் தொடங்கும். சூப்பர்புளொக்கை அழித்தாலும் கோப்புமுறைமை தெரியாது. அப்போது ஒரு டிஸ்க்கை ஃபெயில் செய்து நீக்கி, மிரரை ஒற்றை உறுப்பாகச் சுருக்கி அப்படியே விஎம்முக்குக் கொண்டுபோவது பாதுகாப்பு.

டொமைன் கொன்ட்ரோலரை (பயனாளர் கணக்குகளையும் கடவுச்சொற்களையும் நிர்வகிக்கும் சேர்வர்) இப்படிக் கொப்பி எடுக்க வேண்டாம். விஎம்மில் புதிதாக ஒன்றை நிறுவிப் பதவியை மாற்றுங்கள். கணக்கு மென்பொருளுக்கு யூஎஸ்பி டொங்கிள் (உரிமத்தைக் காட்டும் குச்சி) இருந்தால் ஹைப்பர்-வி அதை விஎம்முக்குள் கொண்டுபோய்க் கொடுக்காது. நெட்வேர்க் வழி யூஎஸ்பி பெட்டி வாங்க வேண்டும் அல்லது விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ பக்கம் போகவேண்டும். சேர்வரோடு வந்த ஓஈஎம் விண்டோஸ் உரிமம் அந்தப் பெட்டிக்கே உரியது, விஎம்மில் அக்டிவேஷன் கேட்கும். அதற்கான செலவை வேலை தொடங்குமுன்பே முதலாளிக்குச் சொல்லிவிடுங்கள். வெளியே எடுத்த டிஸ்க்கை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய உறையில் போட்டு, அடுத்த மாதக் கணக்கு விஎம்மில் பிழையின்றி முடியும்வரை கந்தோரிலேயே பூட்டி வையுங்கள்.